கன்னிமடையாள் கேட்ட கற்பூரம்

தம்பியின் பேரை எடுத்தால் நீலாம்பாள் காறித் துப்புவாள். வெள்ளமங்கலத்தில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. மற்றவர்களுக்கு மருதையன் பெரிய எழுத்தாளர். பொன்னித்துறையன் என்கிற பேரில் வாராவாரம் சோழ ராஜாக்களைக் குதிரையில் ஏற்றி இறக்குகிறவர். மந்திரி கையால் பொன்னாடை வாங்கினவர். கீழ்வேளூர் கடைத்தெருவில் அவன் படம் போட்ட பத்திரிகை சரம் சரமாகத் தொங்கும். அந்தப் பக்கம் போகும்போது நீலாம்பாள் தலையைத் திருப்பிக்கொள்வாள். கூடப்பிறந்தவன் முன்னுக்கு வந்தால் ஒரு அக்காளுக்கு இப்படியா வயிறெரியும் என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, அவர்கள் வயலா பறிபோனது?

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. ஆற்றில் பிரிவது வாய்க்கால். வாய்க்காலில் பிரிந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற, முழங்கால் ஆழம்கூட இல்லாத சின்ன ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் சொல்கிற பேர் கன்னி. கன்னி வெட்டுவது, கன்னியில் கோரை அறுப்பது, கன்னியில் நண்டு பிடிப்பது என்று ஊரில் எந்நேரமும் அந்தப் பேச்சுத்தான். அப்படி ஒரு கன்னியின் தலைமடையை ஒட்டின மூன்று மா நிலத்துக்குக் கன்னிமடை வயல் என்று பேர். நீலாம்பாளின் அப்பன் பண்ணையார் இராஜாங்கத்திடம் கூலியாளாகக் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி அதைக் குத்தகைக்குப் பிடித்தான். அப்பனும் போய், புருஷனும் போன பிறகு நீலாம்பாள்தான் அதில் சாகுபடி. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த மூன்று மா ஒன்றுதான்.

மருதையனுக்குச் சேற்றில் இறங்கவே பிடிக்காது. படித்தான், தஞ்சாவூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவானான், ஒழிந்த நேரத்தில் கதை எழுதினான். முதலில் எழுதினதெல்லாம் அறுப்பு, களத்து மேடு, கூலி நெல், பண்ணையாள் கண்ணீர். எந்தப் பத்திரிகையும் சீந்தவில்லை. போன வேகத்தில் திரும்பி வரும். கடைசியில் ஒரு மெட்ராஸ் பத்திரிகை ஆசிரியர் நேரில் வரச்சொல்லி எழுதினார். கதை நமக்கு வேண்டாம் தம்பி, கண்ணீரெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்றார். ஆனால் உள்ளே ஓரிடத்தில் கன்னிமடை என்று போட்டிருக்கிறீர்களே, அந்தக் கன்னி யார் என்று கேட்டார்.

அது ஒரு சாக்கடை அகலத்து வாய்க்கால் ஐயா என்று சொல்லியிருக்கலாம். மருதையன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அது பெரிய கதைங்க என்றான். அப்படியானால் அதை எழுதுங்கள் என்றார் ஆசிரியர். இதை அந்த நாளில் மருதையனே அக்காள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, மீன் குழம்பை வழித்துத் தின்றுகொண்டு, சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். நீலாம்பாளும் கூடச் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

தொடர்கதை வந்தது. மாறுவேஷத்தில் வந்த சோழ இளவரசன், கடாரத்து ஒற்றன், கன்னிமடையிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஒரு சுரங்கம், ஆளை மயக்குகிற ஒரு மாயக் கண்ணாடி, கணக்காகப் பேசுகிற ஒரு கிளி. வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது மதியொளி என்கிற கன்னிப்பெண் மடை வாயில் நின்று தண்ணீரைத் தடுத்து, நின்ற இடத்திலேயே கல்லாகி, கன்னிமடையாள் என்கிற தெய்வமானாள். கீழ்வேளூரில் சைக்கிள் கடை வைத்திருந்த மீரா உசேன் இதை வாரம் தவறாமல் உரக்கப் படிப்பார். பங்சர் ஒட்ட வந்தவன் பங்சரை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பான். நீலாம்பாளுக்கு எழுத்து தெரியாது. உரம் வாங்கப் போகும்போது அவளும் நின்று கேட்பாள். ஏன் அக்கா, உங்க கன்னியில ஆடு இறங்கினாலே அடைச்சுக்கும், அதுல எப்படி உங்க தம்பி கப்பல் விட்டாரு என்று மீரா உசேன் கேலி பண்ணுவார்.

கேலியோடு போயிருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? மருதையனுக்கு ஆசை அடங்கவில்லை. புத்தகமாகப் போட்டபோது, இது கதையல்ல, எங்கள் ஊர் மூத்தோர் வாய்வழியாகக் காத்துவந்த வரலாறு என்று முகப்பில் எழுதினான். பாராட்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கன்னிமடையாளைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, அவளே கனவில் வந்து சொன்னாள், நான் எழுதுகோல் மட்டும்தான் பிடித்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். கூட்டம் கைதட்டிய தட்டலில் அவனே அதை நம்பிவிட்டான் என்று நீலாம்பாள் சொல்வாள். ஆபீஸ் வேலையை விட்டான். அடுத்தடுத்து ராஜா ராணி, அடுத்தடுத்து சுரங்கம். வண்டிக் குதிரையைத் தவிர வேறு குதிரையைக் கிட்டத்தில் பார்க்காதவன் கதைகளில் குதிரைகள் மூச்சு வாங்க ஓடின.

கதையைப் படித்தவர்கள் வெள்ளமங்கலத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கன்னிமடை எங்கே, கல்லான பெண் எங்கே என்று வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து கேட்டார்கள். பண்ணையார் இராஜாங்கம் முதலில் பார்த்துச் சிரித்தார். பிறகு சர்க்கார் நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்தது. அவர் சிரிப்பு நின்றுபோனது. கோயில், தர்மம் என்று எழுதி வைத்த நிலத்துக்கு வழி உண்டு என்று வக்கீல் காதில் ஓதினார். உடனே பண்ணையாருக்குப் பக்தி பொங்கியது. மடையண்டை துணி துவைக்கப் போட்டிருந்த கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, புடவை சுற்றி, சுற்றிலும் கோயில் எழும்பியது. சாமியே இல்லை என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசின கரைவேட்டிக்காரர்கள் இதற்கு மட்டும் வந்து, இது சாமி இல்லை, தமிழர் பண்பாட்டுச் சின்னம் என்று சொல்லி அடிக்கல் நாட்டினார்கள்.

கோயிலைச் சுற்றின நிலமெல்லாம் கன்னிமடையாள் பேருக்குப் போயிற்று. அம்மன் பேரில் ஒரு டிரஸ்ட். அதற்குத் தர்மகர்த்தா பண்ணையாரின் தாயார் பிரகதாம்பாள் ஆச்சி. சட்டத்துக்காகத்தான் மகன் அம்மா பேரைப் போட்டார். ஆச்சியோ நெஞ்சார நம்பிவிட்டாள். கோயிலில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மகனுடைய கணக்கில் இது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. கிழவிக்குப் பொழுது போகிறது என்று விட்டுவிட்டார்.

அறுப்பு முடிந்த கையோடு பண்ணைக் காரியக்காரர் வைரக்கண்ணு நீலாம்பாள் வாசலில் வந்து நின்றார். இனிமேல் அம்மன் நிலத்தைக் கோயிலே சொந்தமாகச் சாகுபடி செய்யப்போகிறது, டிராக்டர் வருகிறது, நீ கால் வைக்காதே என்றார். எந்த அம்மன் என்று நீலாம்பாள் கேட்டாள். உன் தம்பி எழுதின அம்மன்தான் என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையைத் துப்பினார். சிரிப்பு வேறு. நீலாம்பாளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அப்பன் காலத்திலிருந்து உழைத்த மண்ணை, துணி துவைக்கிற கல் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறதாம்.

விவசாயிகள் சங்கத்து ஆபீசில் ஜெக்கரியா என்று ஒரு தோழர் இருந்தார். நிதானமானவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குத்தகை அதிகாரியிடம் மனுப் போடலாம், இந்தச் சாமி நேற்று முளைத்தது என்று நிரூபித்தால் டிரஸ்டே செல்லாது, அதற்கு உங்கள் தம்பி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். நீலாம்பாள் அன்றைக்கே பஸ் ஏறினாள்.

தஞ்சாவூரில் மருதையன் மாடி வீட்டில் இருந்தான். அறையில் அட்டை வாள் ஒன்று, சாந்து யானைகள் இரண்டு, சுவர் நிறையப் பொன்னாடை போர்த்துகிற படங்கள். எல்லாப் படத்திலும் அவனுக்குப் பக்கத்தில் பண்ணையார் இராஜாங்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் புரவலராம். புத்தகம் போடுவதும் அவர், விழா எடுப்பதும் அவர், கன்னிமடையாளைச் சினிமா ஆக்கக் கம்பெனிக்காரனைக் கூட்டி வருவதும் அவர். அக்காளைக் கண்டதும் மருதையன் எழுந்து நின்றான். அந்த மரியாதை மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. அவன் பெண்டாட்டி கொண்டுவந்த காபியை நீலாம்பாள் தொடவில்லை.

"கன்னின்னா வாய்க்கால். அதை வந்து சொல்லு, போதும்," என்றாள் அவள். "உன்னை நான் வேற ஒண்ணும் கேக்கல."

"அக்கா, அதைச் சொன்னா இத்தனை வருஷம் நான் எழுதினதெல்லாம் பொய்யாயிடும்."

"கதைன்னா பொய்தானேடா."

"நான் கதைன்னு சொல்லலியே அக்கா."

அவளுக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. அவன் கஞ்சிக்கு அழுத காலத்தில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அதையெல்லாம் சொல்லிக் காட்டுகிற ஜாதி இல்லை அவள், சொல்லவில்லை. வர்றியா வரலியா என்று மட்டும் கேட்டாள். மருதையன் அந்த அட்டை வாளைப் பார்த்துக்கொண்டே, அம்மா மேலே ஆணையா வர்றேன் என்றான். செத்துப்போன அம்மாவை எதற்கு இழுக்கிறாய் என்று அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நம்பிவிட்டாள்.

விசாரணை அன்றைக்கு அவன் வந்தான், வராமல் இல்லை. பண்ணையார் காரில் வந்து இறங்கினான். கார்க் கதவு திறந்தபோதே நீலாம்பாளுக்கு விஷயம் தெரிந்துபோனது. கன்னிமடையாள் உங்கள் கற்பனையா என்று அதிகாரி நேராகக் கேட்டார். மருதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம்பிக்கைக்கும் வரலாற்றுக்கும் நடுவே எழுத்தாளன் கோடு கிழிக்க முடியாது என்று தொடங்கி, மக்கள் நெஞ்சில் இருப்பவளை நான் எப்படி இல்லை என்பேன் என்று முடித்தான். பண்ணையார் வக்கீல் எழுந்து புத்தகத்தின் முகப்பைப் படித்துக் காட்டினார். கன்னிக்கு வேறு அர்த்தம் இருப்பதாகச் சொல்கிறார்களே என்று ஜெக்கரியா கேட்டதற்கு, ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு, தமிழின் வளம் அது என்றான் மருதையன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்து காரில் ஏறப் போனவன் எதிரில் நீலாம்பாள் போய் நின்றாள். வாசலில் அத்தனை பேர் பார்க்க, அவன் செருப்புக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள். "அப்பன் வெட்டுன கன்னியைப் பொம்பளையாக்கி வித்துட்டே," என்றாள். "நல்லாயிரு." அந்த நல்லாயிரு இருக்கிறதே, மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவன் காருக்குள் ஒடுங்கினான்.

மேல்முறையீடு செய்யலாம் என்று ஜெக்கரியா சொன்னார். அது முடிகிறதற்குள் என் வயலில் டிராக்டர் ஓடி முடிந்துவிடும் தோழரே என்று நீலாம்பாள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆடிக் கடைவெள்ளிக்குக் கோயிலில் திருவிழா. அது முடிந்த மறுநாள் உழவு என்று வைரக்கண்ணு ஊரில் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விழாவில் பொன்னித்துறையனுக்குப் பரிவட்டம் கட்டப் போகிறார்கள் என்று மீரா உசேன் நோட்டீசைப் படித்துக் காட்டினார். நீலாம்பாள் வழக்கம்போலத் துப்பவில்லை. அந்தக் கனவு விஷயம் போட்டிருக்கிறதா பாய், அம்மன் கனவில் வந்து சொன்னாள் என்று, அதைப் படிங்க என்றாள். போட்டிருந்தது, கொட்டை எழுத்தில். திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். இந்த அக்கா என்னமோ பண்ணப்போகிறது என்று மீரா உசேன் அன்றைக்கே நினைத்தாராம்.

ஆடி வெள்ளி காலையில் நீலாம்பாள் பழைய சோற்றில் மோரை ஊற்றி, கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு, நிறையச் சாப்பிட்டாள். சாமி வருகிற உடம்பு விரதம் இருக்க வேண்டும், கவுச்சி ஆகாது என்பது யாருக்குத் தெரியாது? அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தின்றாள். வரப்போவது எது என்பதில் தனக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். பிறகு மஞ்சள் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு கோயிலுக்கு நடந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஜனம் வந்திருந்தது. கல்லுக்கு வெள்ளிக் கவசம். கைம்பெண் முன்னால் போகக் கூடாது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நீலாம்பாள் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். சன்னதியில் பண்ணையார், ஆச்சி, பக்கத்தில் மருதையன். அவன் தலையில் அப்போதுதான் பரிவட்டம் சுற்றி முடித்திருந்தார்கள். பம்பைக்காரன் அடிக்க ஆரம்பித்தான்.

முதலில் அவள் காலைத்தான் ஆட்டினாள், பார்த்துப் பழகின மாதிரி. பிறகு அந்தப் பரிவட்டத்தைப் பார்த்தாள். தள்ளுபடி என்று அதிகாரி சொன்ன சொல் காதில் கேட்டது. வைரக்கண்ணு சிரித்த சிரிப்பு கேட்டது. அதற்கு மேல் அவள் ஆட்ட வேண்டியிருக்கவில்லை. உடம்பு தானாக ஆடியது. வந்தது சாமியில்லை, ஆத்திரம். இத்தனை நாளாக நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்தது மடை உடைந்துகொண்டு வந்தது. கூந்தல் அவிழ்ந்தது. ஒரு கத்து கத்தினாள். பம்பைக்காரன் ஒரு அடி பின்வாங்கினான். ஆத்தா வந்துட்டா என்று எவளோ குலவையிட, கூட்டம் முழுக்கக் கைகூப்பியது.

பூசாரி வழக்கப்படி விபூதித் தட்டோடு வந்து, வந்திருக்கிறது யாரு, என்ன குறை தாயே என்று கேட்டார்.

"என் இடத்துல வந்து என்னையே யாருன்னு கேக்குறியா? நான்தாண்டா கன்னிமடையா."

பிரகதாம்பாள் ஆச்சி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பண்ணையார் முகம் கறுத்தது. இது நம்ம நீலாம்பா, வேஷம் கட்டுகிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரை வந்துவிட்டது. எப்படிச் சொல்வது? இவள் மேல் வந்தது பொய் என்றால், அந்தக் கல்லில் இருப்பது மட்டும் மெய்யா என்று எவனாவது கேட்பான். அதிகாரி உத்தரவின் மை காயவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பினார்.

நீலாம்பாள் பண்ணையாரைப் பார்க்கவேயில்லை. நேராகத் தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். அவன் நெற்றியில் பரிவட்டத்துக்குக் கீழே வேர்வை முத்து முத்தாக நின்றது. இவன்தானே என்னை உலகத்துக்குச் சொன்னவன் என்றாள் கூட்டத்தைப் பார்த்து. ஆமாம் தாயே என்றது கூட்டம். இவன் கனவில்தானே நான் வந்தேன் என்றாள். ஆமாம் தாயே என்றது கூட்டம். அக்காள் எங்கே போகிறாள் என்று மருதையனுக்கு அப்போதும் புரியவில்லை. கதைக்காரனுக்கே கதை பிடிபடவில்லை.

"கனவுல வந்து நான் சொன்னதுல பாதியை இவன் மறைச்சுட்டான். என் மடையில தண்ணி கட்டுற குடியை நிலத்தை விட்டு எழுப்பாதே, எழுப்புனா என் கன்னியில சொட்டுத் தண்ணி வராதுன்னு சொன்னேன். அதை இவன் எழுதல." அவள் பூசாரி தட்டிலிருந்து எரிகிற கற்பூரத்தோடு வெற்றிலையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொன்னேனா இல்லியா? அணைச்சுச் சொல்லுடா."

கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் கோர்ட் கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் கை புழுத்துப் போகும் என்பார்கள். மருதையன் கண்ணை இங்கும் அங்கும் ஓட்டினான். அம்மன் சொல்லவில்லை என்றால், பின்னே என்ன சொன்னாள் என்பார்கள். கனவே வரவில்லை என்றால், பரிவட்டம், பொன்னாடை, சினிமாக் கம்பெனி, முகப்பில் எழுதின வரலாறு எல்லாம் இந்தச் சன்னதியிலேயே போகும். சொன்னாள் என்றால் புரவலர் போவார். பண்ணையார் அவனைப் பார்த்து வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார். நீலாம்பாள் கண்கொட்டாமல் நின்றாள். அந்தக் கண்ணில் அக்காளைத் தேடினான் மருதையன். அகப்படவில்லை. வெற்றிலை கருகி அவள் விரலைச் சுட்டது. அவள் கை ஆடவில்லை.

மருதையன் உள்ளங்கையை வைத்துக் கற்பூரத்தை அழுத்தினான். சதை தீய்கிற வாடை வந்தது. "சொன்னா," என்றான். குரல் உடைந்து, "சொன்னா தாயே, நான்தான் எழுதாம விட்டுட்டேன்," என்றான்.

ஜனம் ஓவென்று கத்திய கத்தலில் பம்பை அடங்கிவிட்டது. ஆச்சி எழுந்து உட்கார்ந்தாள். நீலாம்பாளின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடியையும் எழுப்ப மாட்டோம் தாயே, தண்ணியை நிறுத்திடாதே என்று அழுதாள். அம்மா, கொஞ்சம் இருங்க, வக்கீலைக் கேட்டு என்று பண்ணையார் வாயெடுத்தார். கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"தர்மகர்த்தான்னு பத்திரத்துல யாரு பேருடா இருக்கு?"

சட்டத்துக்குப் பயந்து பண்ணையாரே எழுதிக்கொடுத்த பேர் அது.

நீலாம்பாள் மலையேறினாள். அதாவது, தரையில் விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகு, எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். எல்லாரும் கேட்கிற கேள்விதான். நன்றாகவே கேட்டாள்.

டிராக்டர் வராமல் இல்லை. ஆச்சிக்குத் தெரியாமல் வைரக்கண்ணு ஒருநாள் கூட்டி வந்தார். கன்னிமடை வயல் எது என்று விசாரித்த டிரைவர், அதுதான் என்று கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகுட்டிக்காரன் சாமி, வேற ஆளைப் பாருங்க என்றானாம். வேறு ஆள் யாரும் கிடைக்கவில்லை. ஜெக்கரியா மட்டும் நீலாம்பாளிடம் வந்து வருத்தப்பட்டார். வயல் நின்றது சரி, ஆனால் அந்தச் சாமியை நீங்களே கல்லில் அடித்து இறக்கிவிட்டீர்களே, இனி அதை யாரால் எடுக்க முடியும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அது அவளுக்கும் உறுத்தாமல் இல்லை. அடுத்த ஆடிக்கும் ஆட வேண்டும், அதற்கு அடுத்த ஆடிக்கும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விபூதி கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அவள் போட்டுத்தான் விடுகிறாள். வேறு என்ன செய்ய?

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கடைமடைக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று பேச்சு அடிபட்ட ஒரு காலையில், நீலாம்பாள் மண்வெட்டியோடு கன்னியில் இறங்கிக் கோரையை வழித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் யாரோ வழுக்கி வழுக்கி வருவது தெரிந்தது. மருதையன். கார் இல்லை, பஸ்ஸில் வந்திருந்தான். வலது கையில் துணிக்கட்டு. பண்ணையார் அவனைக் கைகழுவிவிட்டார், சினிமாக்காரனையும் காணோம் என்று மீரா உசேன் சொல்லி அவளுக்கு முன்னமே தெரியும். வா என்று அவள் கூப்பிடவில்லை. அவன் கன்னிக்கு நடுவில், காய்ந்த தரையில் இறங்கி அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

ரொம்ப நாளாகத் தூக்கமே இல்லை என்றான். எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடவில்லை என்றான். சுற்றி யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, அன்னிக்கு நெசமாவே வந்துச்சா?"

நீலாம்பாள் நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பயலையா ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது என்று இருந்தது. ஒரு நொடி பாவமாகவும் இருந்தது; கட்டுப் போட்ட கை அவனுடைய எழுதுகிற கை. அவன் காரிலிருந்து இறங்கின நாள் ஞாபகம் வந்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

"உனக்கு வந்துச்சா, எழுதுறப்ப?"

மருதையன் தலையைக் குனிந்துகொண்டான். வாய்க்கால் பக்கம் யாரோ மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, செங்காவி நிறத்தில் புதுத் தண்ணீர் வளைவில் திரும்பி வந்தது. நீலாம்பாள் மண்வெட்டியைத் தூக்கினாள்.

"ஒதுங்குடா," என்றாள். "கன்னியில தண்ணி வருது."